கட்டைவிரல் நகம் பச்சையானபோது

ஆடி மாதம் கிரைண்டர் குழவியைத் தூக்கும்போது வலது கட்டைவிரல் நசுங்கியது. இரண்டு நாள் வலி, அப்புறம் மறந்தே போனேன். நகத்தின் நுனி மட்டும் சதையை விட்டு லேசாக எழும்பி நின்றது. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அரிசி களைய, உளுந்து அலச, பாத்திரம் தேய்க்க என்று பாதி நாள் கை தண்ணீரில்தான். மூன்றே வாரத்தில் எழும்பிய இடம் பாசி பிடித்த மாதிரி பச்சையானது. வலியே இல்லாததால் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அத்தை "நகச்சுத்துதான்" என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிட்டார். நகச்சுத்து என்றால் ஓரத்துச் சதை வீங்கி விண்விண்ணென்று தெறிக்குமே! மெடிக்கலில் படர்தாமரைக்குப் போடும் களிம்பைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் தடவினேன், பச்சை கரும்பச்சையானதுதான் மிச்சம்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். நகத்துணுக்கை லேபுக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரம் தங்கும் இடுக்கில் குடியேறுமாம், அந்தப் பச்சையும் அது சுரக்கும் நிறமிதானாம். தூக்கி நின்ற நகத்தை வலிக்காமல் நறுக்கிவிட்டு, ஜென்டாமைசின் சொட்டு மருந்து எழுதினார். வாங்கப் போனால் அது கண்ணுக்கு விடுவது! கடைப்பையன், "கண்ணுக்கா, அக்கா?" என்றான். எனக்கே சந்தேகம் வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். களிம்பு நகத்தின் மேலேயே நின்றுவிடும், சொட்டு என்றால் இடுக்கில் இறங்கும் என்றார்.

காலையும் இரவும் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் விரலை ஊறவைப்பேன். நன்றாகத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் சொட்டு. மருந்து சுலபம்; விரலை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. புழுக்கத்தில் அதுவும் வியர்த்து நனையும், நாளுக்கு மூன்று ஜோடி மாற்றினேன். அந்த விரலோடு ஒரு மாதத்துக்கு மேல் மாவைக் கையால் கலந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

நான்கு வாரம் முடிந்தும் பச்சை முழுதாகப் போகவில்லை. பயந்துபோய்க் காட்டினேன். கிருமி போய்விட்டது, இது நகத்தில் ஏறிய கறை, வளர்ந்து வெட்டினால்தான் போகும் என்றார். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளருமாம். இப்போது ஒரு பிறைக்கீற்று மிச்சமிருக்கிறது.

மாவை இப்போது கரண்டியால்தான் கலக்குகிறேன். கை படாத மாவு புளிக்காது என்று அத்தை இன்னமும் சொல்கிறார். தினமும் பொங்கி மூடியைத் தள்ளுகிறது.