புதிருக்கு எதற்கு ஸ்டாப்வாட்ச்?

அட்வென்ட் ஆஃப் கோட் தளம் 2025-இல் தன் உலகத் தரவரிசைப் பட்டியலை எடுத்துவிட்டது. மிக நல்ல முடிவு. இதைச் சொன்னால் உடனே "போட்டி இல்லையென்றால் அப்புறம் என்ன சுவாரசியம்" என்று கேட்கிறார்கள். அதனால் ஏன் நல்லது என்று நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: இது எரிக் வாஸ்ட்ல் என்ற புரோகிராமர் 2015-இல் தொடங்கியது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து 25 வரை தினம் ஒரு புரோகிராமிங் புதிர் வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி, முதல் பகுதிக்குச் சரியான விடை கொடுத்தால்தான் இரண்டாவது பகுதி கண்ணில் படும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், நம் நிரலை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, கடைசியில் வரும் விடையை மட்டும்தான் கேட்பார்கள். 2025-இல் புதிர்கள் 12 ஆகக் குறைந்தன. அதுவரை ஒவ்வொரு பகுதியையும் முதலில் முடிக்கும் 100 பேருக்கு 100-இலிருந்து 1 வரை புள்ளிகள் உண்டு. புதிர் திறப்பது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில், அதாவது உலகில் பாதிப் பேர் தூங்கும்போதோ வேலைக்குக் கிளம்பும்போதோ. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடிந்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டியலில் வர வாய்ப்பே இல்லாதவர்களையும் அது அவசரப்படுத்தியது, எனக்கு உறுத்தியது அதுதான். ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று தெரிந்தாலே மனிதர்கள் கேள்வியை மேலோட்டமாகப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். கதைப் பகுதியைத் தாண்டி, உதாரணத்துக்கு நேராகப் போய், கைக்கு வந்த லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வரிகளை) எழுதி, விடை வந்ததும் டேபை மூடிவிடுகிறார்கள். புதிரில் ருசியான பகுதி எதுவோ அதுதான் முதலில் அடிபடுகிறது.

2021-ஆம் ஆண்டின் ஆறாம் நாள் புதிரை எடுத்துக்கொள்வோம், என் மனதில் அதற்குத் தனி இடம் உண்டு. கடலில் மீன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தினமும் அந்த எண் ஒன்று குறையும். பூஜ்யத்தில் இருக்கும் மீன் மறுநாள் 6-க்குத் திரும்பும், அதே நாளில் 8 என்ற எண்ணோடு ஒரு குட்டி பிறக்கும். 80 நாள் கழித்து எத்தனை மீன்? யாராக இருந்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: ஒரு லிஸ்ட்டில் மீன்களைப் போட்டு, நாளுக்கொரு முறை லூப் ஓட்டி, குட்டிகளைக் கடைசியில் சேர்ப்பது. 3, 4, 3, 1, 2 என்று ஐந்தே மீனில் ஆரம்பிக்கும் உதாரணத்தில் 80 நாளில் 5,934 வரும், கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். அப்புறம் இரண்டாம் பகுதி திறக்கும், கேள்வி அதேதான், நாள் மட்டும் 256. அந்த ஐந்து மீன்கள் 256 நாளில் 2,698 கோடியைத் தாண்டுகின்றன. ஒரு மீனுக்கு ஒரே ஒரு பைட் என்று சிக்கனமாக வைத்தாலும் ஏறத்தாழ 27 ஜிபி மெமரி வேண்டும். பைத்தான் லிஸ்ட் என்றால் அதைப்போலப் பல மடங்கு. நிரல் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இங்கே ஒரு நிமிடம் கையைக் கீபோர்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. உதாரணத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் ஒன்று தெரிகிறது: 3 என்ற எண் கொண்ட இரண்டு மீன்களுக்குள் எந்த வித்தியாசமும் கிடையாது. இது எந்த மீன், எந்த வரிசையில் நிற்கிறது என்று யாரும் கேட்கவே இல்லை, எத்தனை மீன் என்றுதான் கேட்டார்கள். மீன்களின் பட்டியலே தேவையில்லை. 0 முதல் 8 வரை ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை மீன்கள் என்று ஒன்பது எண்களை வைத்துக்கொண்டால் போதும், தினமும் எல்லாவற்றையும் ஓர் இடம் நகர்த்தி, பூஜ்யத்தில் இருந்த எண்ணிக்கையை 6-இலும் 8-இலும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. 256 நாள் என்ன, பத்தாயிரம் நாளுக்கும் ஓடும். எண்கள் பெரிதாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு திரிவதிலிருந்து எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்வதற்கு மனம் மாறும் அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ஐந்து நிமிடத்தில் வந்தாலும் சரி, மறுநாள் குளிக்கும்போது வந்தாலும் சரி, வந்தது வந்ததுதான், பிறகு டேட்டாபேஸ் கொயரி எழுதும்போதும் லாக் ஃபைலை அலசும்போதும் அது கூடவே வரும். தரவரிசைப் பட்டியல் அளந்தது எத்தனை நொடியில் வந்தது என்பதை மட்டும்.

அப்புறம் ஏஐ வந்தது. 2022 டிசம்பரிலேயே சிலர் கேள்வியை அப்படியே ஒரு மாடலிடம் கொடுத்துப் பட்டியலில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். படித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும் கேள்விக்குச் சில நொடிகளில் விடை. தளத்தில் தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதி வைத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. நான் வேலையில் ஏஐ பயன்படுத்துகிறேன், அதில் எனக்கு எந்தச் சங்கடமும் கிடையாது, ஒரு கான்ஃபிக் ஃபைலைக் கையால் தட்டுவதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனால் புதிர் என்பது யாருக்கும் தேவைப்படாத விடையைத் தேடுவது. 2,698 கோடி மீனை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. தேடுவதுதான் மொத்த விஷயமும், அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பட்டியல் இருந்த வரைக்கும் அப்படிக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது அந்தக் காரணமும் போய்விட்டது.

எண்ணிக்கையை எடுத்துவிட்டால் மனிதர்கள் நிதானமாவார்கள் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. புரோகிராமர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப், முன்பு ஒருவர் எத்தனை நாள் தொடர்ச்சியாகக் கமிட் செய்திருக்கிறார், அதாவது தன் மாற்றங்களைப் பதிந்திருக்கிறார் என்பதை ப்ரொஃபைலில் காட்டிக்கொண்டிருந்தது. 2016-இல் அதை எடுத்தார்கள். எந்தெந்த நாளில் வேலை நடந்தது என்று காட்டும் பச்சைக் கட்டங்கள் இருக்கின்றன, ஆனால் தொடர் அறுந்துவிடுமே என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு கமாவைத் திருத்தும் கட்டாயம் போய்விட்டது. புதிர்த் தளங்களில் இந்தத் தொடர் எண் இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கேயும் ஒருநாள் போகும் என்று நம்புகிறேன்.

இன்டர்வியூ பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஃபிஸ்பஸ் நினைவிருக்கிறதா? 1 முதல் 100 வரை அச்சிடு, 3-ஆல் வகுபட்டால் ஃபிஸ், 5-ஆல் வகுபட்டால் பஸ், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ். 2007-இல் இம்ரான் கோரி என்ற புரோகிராமர் இதை இன்டர்வியூவுக்குச் சொன்னபோது நோக்கம் மிகச் சின்னது, வந்திருப்பவருக்கு லூப் எழுதத் தெரியுமா என்று பார்ப்பது. அந்த அளவோடு நின்றிருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. இன்று ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொன்றும் அடுத்தது எங்கே என்று காட்டும் சங்கிலி) சுழற்சி இருக்கிறதா என்று கூடுதல் மெமரி இல்லாமல் கண்டுபிடி என்கிறார்கள். ஒன்று ஓர் அடி வைக்க மற்றொன்று இரண்டு அடி வைக்கும்படி இரண்டு பாயின்டர்களை, அதாவது இடத்தைக் காட்டும் குறிகளை ஓட்டினால், சுழற்சி இருக்கும்போது அவை எங்கேயாவது சந்தித்தே தீரும். கணினி அறிஞர் ராபர்ட் ஃபிளாய்டின் பெயரில் வழங்கும் அழகான யோசனை. ஆனால் அதை முன்பே பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் எழுதுவார், பார்க்காதவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கேள்வியால் தெரிய வருவது ஒன்றே ஒன்று, அவர் இதை முன்பே பார்த்திருக்கிறாரா என்பது. அதன் விளைவாகப் புதிர்களை ருசித்துப் போட வேண்டிய வயதில் இளைஞர்கள் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

புதிரைத்தான் கேட்பேன் என்றால், ஏற்கெனவே எழுதிய ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பைனரி சர்ச் இருக்கிறது, வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் முறை. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு என்று எல்லோரும் எழுதுவோம். ஜாவா மொழியோடு வரும் தயார் நிரல்களின் நூலகத்திலும் அப்படித்தான் இருந்தது, கிட்டத்தட்ட ஒன்பது வருடம். அங்கே முழு எண்ணுக்கு இருக்கும் 32 பிட் இடத்தில் அடங்கும் உச்சம் 214 கோடிச் சொச்சம். அரே, அதாவது தேடும் பட்டியல், போதுமான அளவு பெரிதாக இருந்தால் கூட்டும்போதே அதைத் தாண்டி எண் மைனஸுக்குப் போய்விடும். 2006-இல் ஜோஷுவா பிளாக் இதை வெளிப்படையாக எழுதினார், அந்த நூலக நிரலை எழுதியவரே அவர்தான். கூட்டுவதற்குப் பதிலாக இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு சேர்த்தால் போதும். இந்தப் பத்து வரியை ஒருவர் முன்னால் வைத்து "இது எப்போது உடையும்?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரப் பேச்சு தானாக வரும், அவர் எப்படி யோசிக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

இனி நல்ல விஷயத்துக்கு வருகிறேன். பிராஜெக்ட் ஆய்லர் என்றொரு தளம், 2001-இலிருந்து இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு, சரியான விடையைக் கொடுத்த பிறகுதான் அது திறக்கும். இணையத்தில் நான் பார்த்த நல்ல வடிவமைப்புகளில் இதை மேலே வைப்பேன். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது: 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ன் மடங்குகளின் கூட்டுத்தொகை. லூப் போட்டு 233168 என்று கொடுத்துவிட்டு உள்ளே போனால், லூப்பே இல்லாமல் ஒருவர் செய்திருப்பார். 3-ன் மடங்குகள் 333, அவற்றின் கூட்டுத்தொகை 166833. 5-ன் மடங்குகள் 199, கூட்டுத்தொகை 99500. இரண்டிலும் வருகிற 15-ன் மடங்குகளின் 33165-ஐக் கழித்தால் அதே 233168. இந்த முறையில் 1000 இருந்த இடத்தில் கோடி கோடியை வைத்தாலும் நேரம் கூடாது. தானே ஒருமுறை முட்டி மோதிவிட்டுப் படிப்பதால் இது உள்ளே இறங்குகிறது. குறுக்கெழுத்தைப் போடும் முன்பே விடைப் பக்கத்தைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பியவருக்கு இது கிடைக்காது.

விடையை மறைத்து வைக்கும் நாகரிகம் இணையத்தில் பழசு. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் ராட்13 போட்டு எழுதுவார்கள், ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி. 26-இல் பாதி 13 என்பதால் மறுபடி ஒருமுறை தள்ளினால் பழைய வாக்கியம் வந்துவிடும், படிக்க விரும்புகிறவர் மட்டும் அந்த ஒரு வேலையைச் செய்வார். (தமிழின் 247 எழுத்துக்கு இது நடக்காது, ஒற்றைப்படை எண்ணில் சரிபாதி கிடையாதே.) இன்று ஸ்பாய்லர் டேக் இருக்கிறது, கறுப்புப் பட்டையைத் தொட்டால் திறக்கும். வசதி கூடியிருக்கிறது, ஆனால் புதிர் வந்த கால் மணி நேரத்தில் தலைப்பிலேயே "இது வெறும் மீச்சிறு பொது மடங்கு" என்று போட்டுவிடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். தயவுசெய்து தலைப்பில் போடாதீர்கள்.

"இது ரொம்ப ஈஸி" என்பதும் அப்படித்தான். ஒருவர் மூன்று மணி நேரம் போராடி, தன் நிரலைப் பெருமையோடு போட்டிருப்பார், கீழே முதல் பதில் "இது ஒரு வரியில் முடியுமே". முடியட்டும், ஒரு வரியில் எழுதுவது தனி விளையாட்டு, கோட் கோல்ஃப் என்றே அதற்குப் பெயர், மிகக் குறைந்த எழுத்துகளில் முடிப்பவர் ஜெயிப்பார், அந்த விளையாட்டை நானும் ரசிப்பேன். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. அவருடைய நாற்பது வரியில் மூன்றாவது ஃபங்ஷனுக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார் என்று சொல்லலாம், இந்த இடத்தில் லிஸ்ட்டுக்குப் பதில் செட் போட்டால் வேகம் கூடும் என்று சொல்லலாம். நிரலைப் படித்தவர் சொல்லும் வார்த்தைகள் இவை. "ஈஸி" என்று எழுத அதைப் படித்திருக்கவே வேண்டாம்.

அதேபோல, எங்கேயாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எட்டு வருடம் கழித்து அதே எர்ரர் மெசேஜைத் தேடிக்கொண்டு ஒருவர் அங்கே வந்து நிற்பார். எப்படிச் சரியானது என்று ஒரு வரி போதும்.

அடுத்த டிசம்பரில் நீங்கள் புதிர் போட்டு அதை கிட்ஹப்பில் வைப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். புதிரோடு உங்களுக்குக் கிடைத்த இன்புட் ஃபைலையும் (நிரலுக்குக் கொடுக்க வேண்டிய தரவு) கேள்வியின் வாசகத்தையும் பொதுவில் போடாதீர்கள், போட வேண்டாம் என்று வாஸ்ட்லே கேட்டிருக்கிறார், அவர் ஒருவர் உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்யும் வேலை அது. எந்தக் கோப்புகள் மேலே போகக் கூடாது என்று குறிக்கும் கிட்இக்னோரில் ஒரு வரி சேர்த்தால் போதும். பதிலுக்கு உங்கள் நிரலின் தலையில் ஒரு கமென்ட் எழுதுங்கள்: முதலில் என்ன நினைத்தீர்கள், எங்கே நின்றீர்கள், எது தெரிந்ததும் நகர்ந்தீர்கள். அடுத்தவர்களின் ரெப்பாசிட்டரியில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்தக் கமென்ட்டைத்தான்.