802.1எக்ஸ்: ஓப்பன் மோட் காட்டிக்கொடுக்காத கோளாறுகள்

ஸ்விட்ச், ரேடியஸ் சர்வர் (யாரை உள்ளே விடலாம் என்று சொல்வது), மெஷின் சான்றிதழ் மூன்றையும் கோத்து, நெட்வொர்க் போர்ட்டில் செருகும் கருவியைச் சரிபார்த்தே உள்ளே விடும் 802.1எக்ஸை ஓடவிடுவது பெரிய வேலை இல்லை. சான்றிதழே வைத்துக்கொள்ள வழியில்லாத பிரின்டர், கேமரா, கைரேகை மெஷின் இவற்றின் பின்னால் அலைவதில்தான் நாட்கள் போகும்.

முதலில் ஓப்பன் மோட். சரிபார்ப்பில் தோற்றாலும் போர்ட் திறந்தே இருக்கும், லாக் மட்டும் நிறையும். ஒரு மாதமாவது விட்டுவையுங்கள்; மாதக் கடைசியில் மட்டும் ஆன் ஆகும் பிரின்டர் இரண்டு வார லாகில் சிக்காது. விண்டோஸில் கேபிள் இணைப்புக்கு 802.1எக்ஸ் பேசும் வயர்டு ஆட்டோகான்ஃபிக் சர்வீஸ் இயல்பாக 'மேனுவல்'. குரூப் பாலிசியில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்காவிட்டால், சான்றிதழ் இருந்தும் கணினி வாயே திறக்காது. இதெல்லாம் லாகிலேயே தெரிந்துவிடும்.

தெரியாதது டைமர். சிஸ்கோ ஸ்விட்ச் 30 நொடிக்கு ஒருமுறை 'யார் நீ' என்று கேட்கும். முதல் கேள்வியும் மறுமுயற்சி 2-உம் சேர்ந்து 90 நொடி. பதில் வராவிட்டால், அதன் பிறகே மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்துச் சரிபார்க்கும். ஓப்பன் மோடில் போர்ட் திறந்திருப்பதால் இந்தத் தாமதம் யாருக்கும் உறைக்காது. போர்ட்டைப் பூட்டிய அன்று, டிஎச்சிபியில் ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிரின்டர் 169.254 என்று தானாக ஒரு முகவரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்விட்சில் பார்த்தால் 'ஆத்தரைஸ்டு', பிரின்ட் மட்டும் வராது. கேள்விகளுக்கு இடையிலான அந்த 30 நொடியை, அதாவது டிஎக்ஸ்-பீரியடை, 10 ஆக்கினால் மொத்தம் 30 நொடியில் முடிந்துவிடும். இன்னும் குறைக்க ஆசைப்பட வேண்டாம். மெதுவாக பூட் ஆகும் கணினி, சான்றிதழைக் காட்டுமுன்பே மேக் சோதனைக்குத் தள்ளப்படும்.

நிலையான ஐபி போட்ட பிரின்டர் இன்னொரு ரகம். தூங்கினால் பாக்கெட்டே அனுப்பாது. செஷன் காலாவதியானதும் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். அந்த போர்ட்டில் கன்ட்ரோல்-டைரக்‌ஷனை 'இன்' என்று வைத்தால் பிரின்டரிடமிருந்து வருவது மட்டுமே தடுக்கப்படும்; நெட்வொர்க்கிலிருந்து வரும் ஏஆர்பி ('இந்த ஐபி யாருடையது' என்ற கேள்வி) பிரின்டர் வரை போய் எழுப்பும். மேக் முகவரியை யாரும் காப்பியடிக்கலாம் என்பதால், இந்த பிரின்டர்களைத் தனி விலானில் (பிரித்துவைத்த நெட்வொர்க் பகுதி) வைத்து, பிரின்ட் சர்வரைத் தவிர வேறெதற்கும் ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியல்) வழிவிடக் கூடாது.

கடைசியாக, ரேடியஸ் சர்வர்கள் இரண்டையும் வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். சர்வர் செத்தால் எந்த விலானில் விடுவது என்பதற்கு ஸ்விட்ச் அமைப்பில் டேட்டாவுக்கு ஒரு வரி, வாய்ஸுக்குத் தனியாக ஒரு வரி. இரண்டாவதை விட்டால் கணினி ஓடும், மேஜை போன் ஊமையாகிவிடும். ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு புகார்கூட வராது.