நாய்க்கு வைக்கும் சோறு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருந்தகம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். இங்கே வேலையின் பெரும்பகுதி மாடுகளோடும் ஆடுகளோடும்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து சம்பா அறுவடை முடிகிற வரையில், சாக்கில் சுற்றியும் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்தும் தூக்கிவரப்படும் நாய்களின் வரத்து கூடிவிடும். வாந்தி, கழிச்சல், மஞ்சள் காமாலை, வலிப்பு என்று வருகிற அந்த நாய்களில் பலவற்றுக்கு நோய் வாய் வழியாகத்தான் வந்திருக்கும். அதனால் வெப்பமானியை எடுப்பதற்கு முன்பே, கடைசியாக என்ன தின்றது என்று கேட்டுவிடுவேன். "வீட்டுச் சோறுதாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். அந்தப் பதிலோடு என் விசாரணை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுச் சோற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மனிதர்களோடு சேர்ந்து தானியம் தின்று வாழப் பழகிய உடல் அது. குருணையைக் குழைய வேகவைத்து, அதில் ஒரு முட்டையோ, வேகவைத்து முள் நீக்கிய மீனோ, கொஞ்சம் பருப்போ சேர்த்தால் நம் நாட்டு நாய் நன்றாகவே இருக்கும். வெறும் ரசஞ்சோற்றில் வளரும் நாய்க்குப் புரதம் போதாது என்பதை மட்டும் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன். என்னைக் கவலைப்படுத்துவது வேறு ஒரு வழக்கம். நாம் தின்ன மாட்டோம் என்று ஒதுக்குவது எதுவோ அது நாய்க்கு ஆகும் என்ற எண்ணம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஊசிப்போன குழம்பு, பூசணம் பூத்த இட்லி மாவு, மழையில் நனைந்த தானியம் எல்லாமே கொல்லைப்புறத்துத் தட்டுக்குப் போகின்றன. உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல குணத்திலிருந்து பிறந்த வழக்கம் என்பதால் அதைக் கடிந்து பேசவும் முடிவதில்லை.

ஓர் ஐப்பசி மழையில் ஒரு மூதாட்டியும் அவருடைய பேரனும் ஒரு செவலை நாயைத் தூக்கிவந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு முழுவதும் மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெண்பகுதியும் காதின் உட்புறமும் அப்படியே. மலம் கரியாகக் கறுத்துப் போயிருந்தது, அதாவது குடலுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தீனியைப் பற்றித் துருவிக் கேட்ட பிறகு விஷயம் வெளிவந்தது. விதைக்கென்று எடுத்துவைத்த நிலக்கடலை மூட்டை, ஒழுகும் மூலையில் நனைந்துவிட்டிருக்கிறது. "நல்ல பருப்பையெல்லாம் பொறுக்கித் தனியா வச்சுட்டேன் டாக்டரம்மா. சூம்பினதையும் கறுத்ததையும்தான் நொய்யோட சேத்து வேகவச்சு இதுக்குப் போட்டேன். வீணாப் போயிடக் கூடாதுல்ல" என்றார்.

அவர் பொறுக்கிய முறையில்தான் ஆபத்தே இருந்தது. ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சூம்பி, நிறம் மாறி, பூசணம் பிடித்த பருப்புகளில்தான் மிகுதியாகக் குவிந்திருக்கும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாக அழியாது. ஆக, மூட்டையிலிருந்த நஞ்சின் பெரும்பங்கு தனியாகப் பிரிக்கப்பட்டு ஒரே உயிரின் தட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாயின் கல்லீரல் இந்த நஞ்சுக்கு எளிதில் இடம்கொடுத்துவிடும்.

எலிக்காய்ச்சலிலும் இதே மஞ்சள் வரும் என்பதாலும், உடனே பரிசோதித்து உறுதிசெய்து கொள்ள வழி இல்லாததாலும், இரண்டையும் மனத்தில் வைத்தே வைத்தியம் பார்த்தேன். குளுக்கோஸ் ஏற்றி, ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்த வைட்டமின் கே ஊசி போட்டு, எலிக்காய்ச்சலுக்கான மருந்தையும் கொடுத்தேன். அஃப்ளாடாக்சினுக்கு மாற்று மருந்து கிடையாது. நாய் பிழைக்கவில்லை. மறுபடி என்னைப் பார்க்க வந்த அந்தப் பாட்டி கேட்ட கேள்வியை இன்றும் பலரிடம் எடுத்துச் சொல்கிறேன்: "அப்ப, நல்லதுன்னு பொறுக்கி வச்சேனே, அத நாங்க திங்கலாமா?"

தின்னக் கூடாது என்றேன். கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். செக்குக்குக் கொடுத்து ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலில் அதன் ஒரு பங்கு வடிவம் மாறி இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கப்போவது வீட்டுக் குழந்தை. ஒரு மூட்டைக் கடலையைக் குழி வெட்டிப் புதைப்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமில்லை. அவர் புதைத்தார். என்னைவிட அவர் செய்ததுதான் அன்று பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே கால்நடைகளின் வழியாகத்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் இறந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் அஃப்ளாடாக்சினைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு அனுபவம் இன்னும் அருகில் நிற்கிறது. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோப்பும் வந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே உணவைத் தின்ற அந்த ஊர் நாய்களும் அதே அறிகுறிகளோடு நோயுற்றன. மருத்துவம் படித்த காலத்தில் இதை ஒரு செய்தியாகத்தான் வாசித்தேன். மருந்தகத்தில் உட்கார்ந்த பிறகுதான், ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் ஒன்றாக மஞ்சளாகிப் போனால் அந்த வீட்டில் தானியம் சேர்த்துவைக்கும் குதிரும் பத்தாயமும் எப்படி இருக்கின்றன என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

நெல்லின் ஈரம் பற்றி இந்தப் பகுதி விவசாயிக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற கணக்குக்காக மழைக்கு நடுவே சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்துக்கிடப்பவர்கள் அவர்கள். ஒரு மணியைப் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கவனத்தில் கொஞ்சத்தைக் கொல்லையில் கிடக்கும் தீவன மூட்டைக்கும் கொடுங்கள், மூட்டைக்கு அடியில் ஒரு பலகையைப் போடுங்கள், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கெட் தீனி வாங்குகிறவர்களுக்கு வேறு விதமான எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2007-இல் அமெரிக்காவில் நாய், பூனைத் தீனிகளைப் பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம். புரதத்தின் அளவை நைட்ரஜனைக் கொண்டு கணக்கிடுவதால், நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்து புரதம் அதிகம் இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். அது, கூடவே கலந்திருந்த சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகி விலங்குகளைக் கொன்றது. மறு ஆண்டே அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது; ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நாய்களும் பூனைகளும் இறந்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, குழந்தைகள் விழுந்த பிறகு கேட்கப்பட்டது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், உணவு என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. ஆகவே வாங்குகிறவரின் கண்தான் முதல் காவல். சிறு நகரக் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோ கணக்கில் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் தயாரித்த தேதி, தொகுதி எண், காலாவதி நாள் மூன்றும் அந்தப் பையில் இருப்பதில்லை. நாய்க்கு ஏதாவது ஆனால் எந்தச் சரக்கால் ஆனது என்று தேடிப் போக வழியே இல்லாமல் போகும். சிறிய பாக்கெட்டாக இருந்தாலும் உடைக்காததாக வாங்கி, தீரும்வரை அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைப் பண்டங்களில் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த பிறகும் அந்தக் குணம் போவதில்லை. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது ஏன் என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் அதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள்; புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதாகியிருந்ததைப் பிறகு சுட்டிக்காட்டினார்கள். புளியில் அந்த அமிலம் நிறையவே உண்டு. புளிக்குழம்பு ஊற்றிய சோற்றை நாய்க்கு வைக்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினேன்.

புளி வேறொரு விதத்திலும் என் வேலையில் குறுக்கிடுகிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் வயலில் எலித்தொல்லை மிகும். மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டிகளை வைத்துப் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாய்க்கும் மயிலுக்கும் அதனால் நஞ்சு ஏறாது. கிட்டி வைக்க ஆள் கிடைக்காதபோது துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்தைப் பொரியிலோ அரிசியிலோ எண்ணெய் விட்டுப் பிசைந்து வரப்பில் வைக்கிறார்கள். வாசனைக்காகக் கருவாட்டுத் தூளைச் சேர்த்துவிட்டால் எலிக்கு முன்னால் நாய் போய் நின்றுவிடும். இரைப்பையின் அமிலம் பட்டதும் அந்த மருந்திலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்புகிறது, அதுதான் கொல்கிறது. நாய் வாந்தி எடுத்தால் பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம் வரும். அந்த வாயு அருகிலிருக்கும் மனிதர்களுக்கும் கேடு என்பதால், இப்படி வரும் நாய்களை அறைக்குள் சேர்ப்பதில்லை. மருந்தகத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் பார்ப்பேன்.

விஷம் தின்ற நாய்க்கு உடனே புளியைக் கரைத்து வாயில் ஊற்றுவது பல ஊர்களில் வழக்கம். இந்த மருந்தைத் தின்ற நாய்க்கு அமிலத்தைக் கொடுப்பது இன்னும் வாயுவை எழுப்பும் வேலை. உப்புக் கரைசலும் ஆகாது. பாலும் சோறும் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் சுரப்பது கூடிவிடும். தவித்துக்கொண்டிருக்கும் நாயின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். ஒன்றும் கொடுக்காமல், மருந்துப் பாக்கெட்டோ டப்பாவோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்பதை மருந்தக வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதற்கும் மாற்று மருந்து இல்லை. வாந்தியையும் அமிலத்தையும் அடக்கி, நீர்ச்சத்து ஏற்றி, இதயத்தையும் மூச்சையும் கவனித்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது. சீக்கிரம் வந்தவை சில பிழைத்திருக்கின்றன.

கார்த்திகை பிறந்ததும் ஊர்க் கூட்டங்களில் இதைப் பேசுவதற்கு நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எலி மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்த பிறகு வளைக்குள்ளேயே வையுங்கள், கருவாடு சேர்க்காதீர்கள், அன்றிரவு நாயைக் கட்டிப் போடுங்கள், விடிந்ததும் மிச்சமிருப்பதையும் செத்த எலிகளையும் கையுறை போட்டுப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள் என்று சொல்கிறேன். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் நாயும் இறங்குகிறது, நடவு நடுகிற பெண்களும் இறங்குகிறார்கள். நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், காலில் புண்ணோடு சேற்றில் இறங்கிய யாருக்காவது காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதியையும் அங்கேயே கேட்டு, விட்டுப்போனவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு வருகிறேன்.