மின்பகுப்பு வினாவா? முதலில் அயன்களை எழுதுங்கள்

ஹட்டன் பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். மின்பகுப்பு, அதாவது மின்னோட்டத்தைச் செலுத்தி ஒரு சேர்வையைப் பிரித்தல், என்றதும் பலர், "கதோட்டில் சோடியம், அனோட்டில் குளோரீன்" என்று ஒப்புவிப்பார்கள். (இங்கே கதோட்டு மறை மின்வாய், அனோட்டு நேர் மின்வாய்.) உருகிய சோடியம் குளோரைட்டுக்கு அது சரியான விடை. உப்பு நீரில் கரைந்திருந்தால் சோடியம் கிடைக்கவே கிடைக்காது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் பாடத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

ஆகவே, சமன்பாட்டைத் தொடுவதற்கு முன் பாத்திரத்தில் உள்ள அயன்கள் (மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள்) அனைத்தையும் விடைத்தாளில் எழுதுங்கள். உருகிய உப்பில் இரண்டே வகை. கரைசலில் நான்கு: சோடியம், குளோரைட்டு, அவற்றோடு நீர் தரும் ஐதரசன், ஐதரொட்சைட்டு. நேர் அயன்கள் கதோட்டை நாடும். அங்கே சோடியம் அயனாகவே நின்றுவிட, ஐதரசன் வாயு வெளியேறும். கரைசல் செறிந்ததானால் அனோட்டில் குளோரீன் வரும். எஞ்சுவது சோடியம் ஐதரொட்சைட்டு. ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவி 1807இல் சோடியத்தைப் பிரித்தெடுத்ததும் உருகிய சோடியம் ஐதரொட்சைட்டிலிருந்துதான்.

ஆய்வுகூட வசதி குறைந்த தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளும் இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள், ஒரு 9 வோல்ட் பற்றரி, இரண்டு வயர்த் துண்டுகள், ஒரு கிளாஸ் உப்புநீர் போதும். மறைமுனையோடு இணைத்த பென்சில் முனையில் நுண்குமிழிகள் மொய்த்து மொய்த்து மேலெழும். அதன் அருகே சிவப்புப் பாசிச்சாயத்தாளை நனைத்தால் நீலமாகும். மற்ற முனையில் குளோரீன் மணக்கும், அது நச்சுவாயு. குளிருக்குப் பயந்து யன்னலைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள், சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. அது 230 வோல்ட், உயிருக்கே ஆபத்து, திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டமும்கூட. நமக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் நேரோட்டம்.

அனோட்டு நேரா, மறையா என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. மின்பகுப்பில் அது நேர். நாகமும் (துத்தநாகம்) செம்பும் வைத்த எளிய மின்கலத்தில் நாகமே அனோட்டு, அது மறை. குறியை நம்பாதீர்கள். ஒட்சியேற்றம் எங்கே நடக்கிறதோ அதுவே அனோட்டு. இலத்திரனை இழப்பது அங்கேதான்.

அடுத்தது செப்பு சல்பேற்றுக் கரைசல். காபன் மின்வாய்கள் என்றால் கதோட்டில் செம்பு படியும், அனோட்டில் ஒட்சிசன் வரும், நீல நிறம் மெல்ல மெல்ல மங்கும். மின்வாய்கள் செம்பாக இருந்தால் அனோட்டே கரைந்து, போன அளவு செப்பு அயன்களைக் கரைசலுக்குத் திருப்பித் தரும். நீலம் அப்படியே இருக்கும். எனவே நிறத்தைப் பற்றிய வினா வந்தால், மின்வாய் எதனால் ஆனது என்பதைக் கோடிட்டுவிட்டுப் பேனாவை நகர்த்துங்கள்.