கம்பத்தில் கொஞ்சம் இறங்கிப் பாருங்கள்

தேனியிலிருந்து குமுளி போகிற பஸ்களில் விடுமுறை நாட்களில் சுற்றுலா வருகிறவர்கள் கூட்டம்தான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, அப்புறம் நேரே தேக்கடி. எங்கள் ஊரை யாரும் ஊராகப் பார்ப்பதில்லை, வழியாகத்தான் பார்க்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். தேக்கடியில் படகில் ஏறி ஏரியைப் பார்க்கிறீர்களே, அந்தத் தண்ணீர் மலைக்குக் கீழே வந்து என்ன செய்கிறது என்று பார்க்கக் கம்பத்தில்தான் இறங்க வேண்டும்.

முதலில் வானிலையைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே கேரளத்து ஏலக்காய் மலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, நடுவே இந்தப் பள்ளத்தாக்கு. குமுளி இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனி, ஆடியில் அங்கே குடையை மடக்க முடியாத மழை பெய்யும், இங்கே வெறும் காற்றும் சாரலும்தான். மலை முகட்டில் மேகம் குவிந்து நிற்பது கீழே வயலிலிருந்து தெளிவாகத் தெரியும், ஆனால் மழையின் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்ளும். அந்தக் காற்றில் வாழை போட்டவர்களுக்குத் தூக்கம் கிடையாது, குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் முட்டுக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குச் சொந்தமான மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான்.

மழை இவ்வளவுதான் என்றால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? எல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டுக்குப் பிறகுதான் அந்த வேலை வேகம் எடுத்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம், 1895-ல் அணை திறப்பு. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் வைத்துக் கட்டிய அணை. காட்டுக்குள் வெள்ளம், மலேரியா என்று எத்தனையோ தொழிலாளர்கள் அங்கேயே செத்துப்போனார்கள், அவர்களுடைய கல்லறைகள் அணைப் பக்கம் இன்றும் இருக்கின்றன.

கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் இங்கே சாமி மாதிரி. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், அது பொங்கலை ஒட்டி வருவதால் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைப்பார்கள். குமுளி மலையடிவாரத்து லோயர்கேம்ப்பில் அவருக்கு 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. பென்னிகுவிக் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு, அதில் விளையாட்டு எதுவும் கிடையாது.

லோயர்கேம்ப்புக்கு மேலே குமுளி மலைப்பாதையில் ஏறும்போது ரோட்டுப் பக்கம் நான்கு ராட்சதக் குழாய்கள் தெரியும், பார்க்கத் தவறாதீர்கள். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் அதில் இறங்கி, மின்சாரம் எடுத்த பிறகு, ஆற்றில் சேர்ந்து கம்பம் பக்கம் வருகிறது. மிச்சத் தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக விழும், பெயருக்கு ஏற்ற சத்தம். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். பேப்பரைப் பிரித்ததும் அணை மட்டம் எத்தனை அடி என்று தேடாத விவசாயி இங்கே இல்லை. அணையில் தேக்க கோர்ட் அனுமதித்த 142 அடி என்பது மற்றவர்களுக்கு வழக்குச் செய்தி, எங்களுக்கு அது இரண்டாம் போகம் உண்டா இல்லையா என்கிற கேள்வி.

நெல்லைத் தாண்டினால் திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் ரோட்டோரம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் வரும், அதன் அடியில் நின்றால் நல்ல வெயிலிலும் குளுமை. இது பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் வருடத்துக்கு ஒரு அறுவடை, இங்கே கவாத்தை, அதாவது கொடியைக் கழிப்பதை, தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றிச் செய்வதால் ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். கவாத்து வெட்டினால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஆனால் பழுக்கிற சமயம் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும், செவட்டை நோய் வேறு வரும், கொடியிலேயே விட்டுவிட்டுப் போகிற நிலைமையும் உண்டு. அதிக நாள் தாங்காத பழம் என்பதால் வியாபாரி சொல்வதுதான் விலை. தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள், விவசாயி கையில் நேராகக் காசு போகட்டும்.

சுற்றிப் பார்க்க சுருளி அருவி இருக்கிறது, கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். தண்ணீர் அதிகமானாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை அடைத்துவிடும், கேட்டுவிட்டுப் போங்கள். அமாவாசை அன்று திதி கொடுக்க வருகிற கூட்டம் இருக்கும், குளியலுக்கு மட்டும் போகிறவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. யானை என்றதும் அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை நினைவு வரும், 2023 மே மாதம் அது கம்பம் தெருக்களுக்குள்ளேயே வந்தது, ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. காடு இவ்வளவு பக்கம் என்பதை மனதில் வையுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு வந்தால் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு அவசியம் போங்கள். அத்தனையும் நாட்டு மலைமாடுகள், பட்டத்துக்காளையைக் கும்பிட ஜனம் வந்துகொண்டே இருக்கும். ஊருக்குள் கம்பராயப் பெருமாள் கோயிலும் இருக்கிறது.

எப்போது வரலாம் என்று கேட்டால், மார்கழி, தை குளிருக்கு நல்லது. என்னைக் கேட்டால் ஆடியில் வாருங்கள். காற்று ஆளைத் தள்ளும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயலில் நடவு முடிந்திருக்கும். காலையிலேயே வந்துவிட்டால் சுருளியும் திராட்சைத் தோட்டமும் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் லோயர்கேம்ப் போய்ச் சாயங்காலத்துக்குள் குமுளி ஏறிவிடலாம், தேக்கடி மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.