லாக் செய்த ஒரு நிமிடத்தில் அறுந்துபோகும் வைஃபை

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். முடித்த ஃபைல்கள் பல சமயம் 40, 50 ஜிபியைத் தொடும். பகலில் வீட்டில் எல்லாரும் நெட் பயன்படுத்துவதால், பெரிய அப்லோட் எல்லாவற்றையும் இரவில்தான் போடுவேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. லேப்டாப்பை லாக் செய்யாமல் எழுந்து போக முடியாது. விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். பழைய லேப்டாப்பில் பல வருடம் இப்படித்தான் வேலை நடந்தது.

புது லேப்டாப் வாங்கியதும் இந்த வழக்கம் உடைந்தது. காலையில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால், அப்லோட் ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வைஃபையைப் பார்த்தால் கோடுகள் முழுசாக இருக்கும், நெட் ஓடும். உள்ளே நுழைந்த சில நொடிகளில் இணைப்பு தானாகத் திரும்பிவிடுவதால், இரவில் என்ன நடந்தது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதுவும் இருக்காது. இந்தக் கோளாறின் கஷ்டமே அதுதான். பார்க்க உட்கார்ந்தால் சரியாக இருக்கும், எழுந்து போனால் கெட்டுப்போகும்.

தெரிந்த சர்வீஸ் கடை அண்ணனிடம் சொன்னேன். "வைஃபை கார்டு வீக்கா இருக்கும் தம்பி, கொண்டாங்க, மாத்திடலாம்" என்றார். எனக்கு அது பொருந்தவில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஒரு தடவைகூட இணைப்பு அறுந்ததில்லை. பழுதான கார்டு, நான் எழுந்து போவதைப் பார்த்துக் காத்திருக்காது. "ரெண்டு நாள் பாத்துட்டு வரேன்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: லாக் செய்த நொடியில் போகிறதா, பிறகு போகிறதா? இணையத்தில் இதற்குக் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் "இந்த டிக்கை எடு, அந்த டிரைவரை மாற்று" என்றே ஆரம்பிக்கின்றன. எப்போது அறுகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

சில நொடிகளுக்கு ஒருமுறை ரவுட்டருக்கு ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பி, பதிலையும் நேரத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் சின்ன பவர்ஷெல் நிரலை ஓடவிட்டேன். லாக் செய்துவிட்டுப் பக்கத்திலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆனதும் திரை அணைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து திறந்து பார்த்தேன். லாக் செய்த பிறகும் பதில்கள் ஒழுங்காக வந்திருந்தன. திரை அணைந்ததை ஒட்டித்தான் அவை நின்றிருந்தன. அதாவது, லாக்குக்கும் வைஃபைக்கும் நேரடியாகச் சம்பந்தமே இல்லை.

அந்த ஃபைலில் இன்னொரு செய்தியும் இருந்தது, என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமானது. இணைப்பு மட்டும் அறுந்து லேப்டாப் விழித்திருந்தால், "பதில் இல்லை" என்ற வரிகள் வரிசையாகக் குவிந்திருக்க வேண்டும். என் ஃபைலில் அப்படி வரிகள் இல்லை. நேரமே ஒரேயடியாகத் தாவியிருந்தது. நடுவில் அந்த நிரலே ஓடவில்லை. வைஃபை லேப்டாப்பை விட்டுப் போகவில்லை, லேப்டாப்பே தூங்கப் போயிருக்கிறது. உறுதி செய்துகொள்ள, வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளைச் செருகி அதே சோதனையைச் செய்தேன். அதிலும் அப்லோட் அதே மாதிரி நின்றது. வைஃபை கார்டு மேல் இருந்த சந்தேகம் அத்தோடு முடிந்தது.

அடுத்து, விண்டோஸ் தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைத் திறந்து, மின்சாரம், தூக்கம் பற்றிய பதிவுகளைத் தரும் கெர்னல்-பவர் என்ற மூலத்தை மட்டும் வடிகட்டினேன். திரை அணைந்த அதே நேரத்தில் 506 என்ற எண்ணோடு ஒரு பதிவு: கணினி மாடர்ன் ஸ்டாண்ட்பைக்குள் நுழைகிறது. நான் திரும்பி வந்த நேரத்தில் 507: வெளியே வருகிறது. ஒவ்வொரு இரவும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் என் அப்லோட் செத்துக் கிடந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இதே தொல்லை இருந்தால் முதலில் இந்த இரண்டு எண்களைத் தேடுங்கள். அவை இல்லையென்றால் உங்கள் பிரச்சினை வேறு, கீழே நான் சொல்வது பொருந்தாது. அப்போது வைஃபையைக் கவனிக்கும் டபிள்யூலேன்-ஆட்டோகான்ஃபிக் பதிவுகளில் 8003 என்ற எண்ணைப் பாருங்கள். வைஃபை எப்போது, எந்தக் காரணத்தால் துண்டிக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்பது எஸ்3 என்ற நிலை. ராம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் நின்றுவிடும். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற புது வழி வந்தது. அதன் அடுத்த வடிவம்தான் விண்டோஸ் 10-இல் வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பை. இதன் பெயர் எஸ்0 லோ பவர் ஐடில். ஃபோன் மாதிரி, திரை அணைந்தாலும் முழுசாக நிற்காமல், மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடந்து, தேவைப்பட்டால் சட்டென்று எழும். என் பழைய லேப்டாப் எஸ்3 வகை. அதில் திரை அணைவது வேறு, தூங்குவது வேறு. புது லேப்டாப்பில் திரை அணைவதே ஸ்டாண்ட்பைக்கான வாசலாக இருந்தது. சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப்பை "நெவர்" என்று வைத்திருந்தும் அது கைகொடுக்கவில்லை.

உங்களுடையது எந்த வகை என்று கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரியில் தெரிந்துகொள்ளலாம். பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷும் ஏ எழுத்தும் போட வேண்டும். எனக்கு வந்த பதிலில் எஸ்0 லோ பவர் ஐடில் இருந்தது, பக்கத்தில் "நெட்வொர்க் டிஸ்கனெக்டட்" என்றும் இருந்தது. எஸ்3 இந்த லேப்டாப்பின் ஃபர்ம்வேரிலேயே (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) இல்லை என்று கீழே போட்டிருந்தது.

இந்த ஒரு பதிலாலேயே வழக்கமான ஆலோசனைகள் பல அடிபட்டுப் போயின. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுங்கள் என்பார்கள். என் லேப்டாப்பில் அந்தப் பக்கமே கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கும் பல லேப்டாப்களில் அது காட்டப்படுவதில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து எஸ்0-வையே முடக்கிவிடலாம் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. எஸ்3 இல்லாத லேப்டாப்பில் அப்படிச் செய்தால் ஸ்லீப் என்ற வசதியே இல்லாமல் போகும். எஸ்3 இருந்தாலும்தான் என்ன பயன்? அந்த உறக்கத்திலும் அப்லோட் ஓடாது. அதனால் அதைத் தொடவில்லை, யாரையும் தொடச் சொல்லவும் மாட்டேன்.

ஸ்டாண்ட்பையிலும் நெட்வொர்க்கை உயிரோடு வைத்திருக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதை முயன்றுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். கெர்னல்-பவர் பதிவுகளில் 172 என்ற எண் அதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஸ்டாண்ட்பையில் இணைப்பு இல்லை, காரணம் என்.ஐ.சி. கம்ப்ளையன்ஸ். நெட்வொர்க் கார்டோ அதன் டிரைவரோ அந்த வசதிக்கான தகுதியோடு இல்லை என்று பொருள். புது டிரைவர் போட்டால் சிலருக்கு இது மாறலாம்.

ஆனால் அது மாறினாலும் என் வேலை நடக்காது என்பது மேலும் படித்தபோது தெரிந்தது. மாடர்ன் ஸ்டாண்ட்பையில் நெட் இருந்தாலும், சாதாரண டெஸ்க்டாப் புரோகிராம்களை விண்டோஸ் நிறுத்தி வைக்கிறது. இதற்கென்றே டெஸ்க்டாப் ஆக்டிவிட்டி மாடரேட்டர் என்று ஓர் உறுப்பு உள்ளே இருக்கிறது. மெயில் வந்ததா என்று பார்க்கும் அளவுக்குத்தான் அந்த இணைப்பு. 50 ஜிபி ஃபைலைத் தள்ளும் பிரவுசருக்கு அங்கே இடமில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. தூக்கத்தில் வைஃபையை எப்படிக் காப்பாற்றுவது என்றே நாள்கணக்கில் தேடுகிறார்கள். கேட்க வேண்டியது வேறு கேள்வி: வேலை ஓடும் நேரத்தில் லேப்டாப்பைத் தூங்கவிடாமல் எப்படி லாக் செய்வது?

அதற்கான விடை அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. செட்டிங்ஸில் திரை அணையும் நேரத்தை நான் 30 நிமிடம் என்று வைத்திருந்தேன். லாக் செய்தால் மட்டும் ஏன் ஒரே நிமிடத்தில் அணைகிறது? லாக் திரைக்குத் தனியாக ஒரு கெடு இருக்கிறது. கன்சோல் லாக் டிஸ்ப்ளே ஆஃப் டைம்அவுட் என்று பெயர். விண்டோஸ் வைத்திருக்கும் மதிப்பு 60 நொடி. பவர் ஆப்ஷன்ஸ் பட்டியலில் இது மறைத்து வைக்கப்பட்டிருப்பதால் தேடினாலும் கண்ணில் படாது.

வெளியே கொண்டுவர அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, மேலே சொன்ன பவர்சிஎஃப்ஜியை அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, இவற்றை வரிசையாக ஒரே வரியில் போட்டேன்: மைனஸ் ஆட்ரிப்யூட்ஸ், சப் அண்டர்ஸ்கோர் வீடியோ, வீடியோகான்லாக் (ஒரே சொல்லாக), மைனஸ் ஆட்ரிப் அண்டர்ஸ்கோர் ஹைட். எல்லாம் ஆங்கில எழுத்தில். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பிளானை மாற்றும் இடம், அதன் அட்வான்ஸ்டு பகுதி, அதில் டிஸ்ப்ளே என்று போனால் மறைந்திருந்த அமைப்பு வந்து நின்றது. இரண்டு மதிப்புகள் இருந்தன, பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று. சார்ஜருக்கு மட்டும் 0 போட்டேன். 0 என்றால் லாக் திரை தானாக அணையாது.

அன்று இரவு பாதி உறக்கத்தில் எழுந்து வந்து ரவுட்டர் பக்கத்தை ஃபோனில் திறந்து பார்த்தேன். இணைந்திருக்கும் சாதனங்களில் லேப்டாப்பின் பெயர் இருந்தது. காலையில் அப்லோட் முடிந்திருந்தது, பதிவுகளில் 506 இல்லை. மனசு லேசானது.

இதற்கு ஒரு விலை உண்டு, திரை இரவெல்லாம் எரியும். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டுத்தான் லாக் செய்கிறேன். பெரிய அப்லோட் இல்லாத நாள்களில் ஸ்டார்ட் மெனுவில் நானே ஸ்லீப் கொடுத்துவிடுகிறேன். மூடியையும் மூடுவதில்லை. மூடினால் தூங்கு என்பது தனி அமைப்பு. சார்ஜருக்கு மட்டும் அதை "எதுவும் செய்யாதே" என்று மாற்றலாம்தான். ஆனால் வீடியோ வேலை செய்யும் லேப்டாப் சூடாகும், மூடி வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. பேட்டரிப் பக்கத்து மதிப்புகளை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். தூங்காத லேப்டாப்பைப் பைக்குள் போட்டு எடுத்துப் போவது ஆபத்து.

என் மனைவியின் அலுவலக லேப்டாப்பிலும் இதே புகார் இருந்தது, அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எல்லாம் அறுந்திருக்கும். "உங்க லேப்டாப்புக்குப் பண்ணுனதையே இதுக்கும் பண்ணிவிடுங்களேன்" என்றார். முதலில் அதே சோதனையைச் செய்து பார்த்தோம். ரவுட்டரிலிருந்து பதில் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது, 506 எங்கேயும் இல்லை. போனது விபிஎன், அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு மட்டும். லாக் ஆனதும் விபிஎன்னைத் துண்டிக்கும்படி அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். அது பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, வீட்டிலிருந்து நாம் கை வைக்கும் இடமில்லை. அவர் ஐடி பிரிவுக்கு எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் ஓடும் வேலையைச் சர்வரிலேயே ஓடவிட அவர்கள் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஏதாவது வந்தால், அன்றைக்கு அப்லோட் போடும் முன் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து அந்த 0 இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.