வருடமே இல்லாத ஒரு ரூபாய்: லக்கியா, வைஸ் வேலையா?

“வைஸ்ல வச்சு அமுக்குனது சார். வேற ஒண்ணும் இல்ல.” இரண்டு பக்கமும் சிங்கம் உள்ள என் ஒரு ரூபாயைப் பற்றி, லென்ஸைக் கையில் எடுக்காமலே பழைய காசுக் கடைக்காரர் சொல்லிவிட்டார். வைஸ் என்பது பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி; இரண்டு காசை அதில் சேர்த்து அமுக்கிப் போலி செய்ததாம். நானோ அதை லக்கி, அதாவது காசு அடிக்கும்போதே நேர்ந்த பிழை என்று நினைத்திருந்தேன். பஸ் செலவும் அரை நாளும் வீண். அவர் சொன்னது தவறு என்று காட்ட மூன்று வாரம் பிடித்தது. இதே மாதிரிக் காசு கையில் கிடைத்தவர்களுக்காவது அலைச்சல் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காசு, 1992 முதல் 2004 வரை வந்த கதிர் போட்ட எஃகு ஒரு ரூபாய்: 25 மி.மீ., 4.85 கிராம். தலைப் பக்கத்தில் சிங்கம் வழக்கம்போல் மேடாக இருக்கிறது. பூப் பக்கத்தில் ‘1’ இல்லை, கதிர் இல்லை, வருடம் இல்லை. அங்கேயும் அதே சிங்கம்தான். ஆனால் பள்ளமாக, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி.

லக்கியை ஆங்கிலத்தில் ப்ராக்கேஜ் என்பார்கள். அது உண்டாவது இப்படி. அடித்த காசு வெளியே விழாமல் பூப் பக்க அச்சில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் வெற்று வில்லை (இன்னும் உருவம் அடிக்காத உலோக வட்டம்) அந்த அச்சைத் தொடுவதே இல்லை. ஒட்டியிருக்கும் காசின் மேட்டுச் சிங்கம் அதில் பள்ளமாக இறங்குகிறது. அச்சு மோதல், அதாவது நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சும் முட்டிக்கொண்டதன் விளைவு என்று சிலர் சொன்னார்கள். மோதலில் அந்தப் பக்கத்துக்கு உரிய உருவம் அப்படியே இருக்கும்; எதிர்ப் பக்கத்தின் கோடுகள் அதனூடே மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே ‘1’ அடியோடு இல்லை. ஆகவே மிச்சம் இருந்தது ஒரே சந்தேகம்: வைஸ்.

முதலில் எடை போட்டேன். 0.01 கிராம் காட்டும் தராசில் 4.83 வந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அது தப்பு. வைஸில் அமுக்கினால் எடை குறையாது. எடை சொல்வது வேறு விஷயத்தை: பூப் பக்கத்தை அரைத்து வழவழப்பாக்கிவிட்டு அப்புறம் அமுக்கினார்களா என்பதை. 25 மி.மீ. எஃகு வட்டத்தில் 0.1 மி.மீ. அரைத்தாலே சுமார் 0.38 கிராம் போய்விடும். அதே வகைக் காசு பத்து எடுத்து ஒவ்வொன்றாக எடை போட்டு, அந்த வீச்சுக்குள் உங்கள் காசு வருகிறதா என்று பாருங்கள். என்னுடையது வந்தது. ஆக, அரைக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

அரைக்காமல் அமுக்கியிருந்தால் பழைய உருவம் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அமுக்கும் காசின் சிங்கம் பட்ட இடம்தான் நசுங்கும். படாத இடைவெளியில் கதிரின் நுனியோ ‘RUPEE’ எழுத்தின் ஒரு கோடோ தங்கிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து, 10 மடங்கு லென்ஸில் காசை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வருடம் இருக்க வேண்டிய கீழ்ப்பகுதியை இரண்டு தடவை பாருங்கள். ஒரு துளி மிச்சம் தெரிந்தாலும் அது வைஸ் வேலைதான், வருத்தப்பட்டுப் பயனில்லை. என் காசில் எதுவும் இல்லை.

உண்மையில் முடிவு சொன்னது விளிம்பு. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். புழக்கக் காசில் விளிம்புதான் உயரமான இடம். காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடாமல் அடுக்கப்படுவது அதனால்தான். அப்படியென்றால் இரண்டு காசை முகத்தோடு முகம் வைத்து வைஸை முறுக்கினால் முதலில் முட்டுவது விளிம்பும் விளிம்பும். விளிம்பு நசுங்காமல் சிங்கம் எதிர்க் காசைத் தொடவே முடியாது. போதாக்குறைக்கு இரண்டும் ஒரே கடினமான எஃகு. பின்பக்கச் சிங்கத்தின் மூக்கும் பிடரியும் வைஸின் தாடையில் பட்டுத் தட்டையாகும்; மரக்கட்டையோ தோலோ கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் தப்பிக்கும், விளிம்பு தப்பாது.

என் காசின் பள்ளப் பக்கத்தில் விளிம்பு நசுங்கவில்லை. மேட்டு விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் சுற்றிலும் ஒரே ஆழத்தில் ஒரு பள்ளம் ஓடியது. ஒட்டியிருந்த காசின் விளிம்பு பதிந்த தடம் அது. அதற்கு வெளியே, நகத்தில் தட்டுப்படும் மெல்லிய உலோக வரம்பு. இதைக் கண்ட பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு சோதனை, கட்டாயமில்லை. இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, பள்ளப் பக்கப் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பி மற்றதன்மேல் வைத்தால் சிங்கத்தின்மேல் சிங்கம் பொருந்தும். ஒட்டிய காசு அச்சில் சுழன்றிருந்தால் பொருந்தாது. அதற்காகப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். சிங்கம் பெருத்தோ மங்கியோ இருந்தால், ஒட்டிய காசு பல அடி வாங்கி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் அடியில்தான் அளவும் கூர்மையும் மாறாமல் வரும்.

படம் எடுப்பதில் ஒரு வாரம் போனது. பள்ளம் படத்தில் மேடாகத் தெரிகிறது! ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாதவரை கண் ஏமாறும். சாதாரண ஒரு ரூபாயைப் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கில், ஒரே படமாக எடுங்கள். அதன் மேடும் இதன் பள்ளமும் எதிரெதிர் நிழல் காட்டும்.

காசைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பியதிலும் ஓர் அடி. விண்ணப்பத்தில் வருடம் கட்டாயம் என்றிருந்ததால் யூகமாக ஒன்றைப் போட்டேன். ‘விவரம் பொருந்தவில்லை’ என்று காசு திரும்பி வந்தது, தபால் செலவு என் தலையில். இப்படி இரண்டு பக்கமும் தலையே வந்த முழு லக்கியில் வருடமும் இருக்காது, அதன் கீழே வரும் நாணயச் சாலைக் குறியும் (காசு எங்கே அடிக்கப்பட்டது என்று காட்டும் அடையாளம்) இருக்காது. மும்பை வைரம், ஹைதராபாத் நட்சத்திரம், நொய்டா புள்ளி எல்லாமே பூப் பக்கத்து விஷயம். கொல்கத்தா காசில் குறி கிடையாது; ஆனால் குறி காணோம் என்பதால் கொல்கத்தா என்று எழுதிவிடாதீர்கள். குறி இருக்க வேண்டிய பக்கமே இங்கே அடிக்கப்படவில்லை. இரண்டாம் முறை ‘வருடம், சாலை தெரியாது, 1992–2004 வகை’ என்று எழுதி, விளிம்புப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். முழு ப்ராக்கேஜ் என்று சான்று வந்தது.

அனுப்புமுன் பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளத்து அழுக்கைக் குண்டூசியால் சுரண்டவும் வேண்டாம். அந்தக் கீறலைப் பார்த்தே மறுபடியும் ‘வைஸ்’ என்பார்கள். அசிட்டோனில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து, தானாக உலர விட்டால் போதும்.